செயற்கை வால்வும் நம் கடமையும்

நம் கல்லூரியன்னை விழாக் கொண்டாடும் இவ்வேளையில், பழைய மாணவராகிய நாம் அவளுக்கும் அவள் மைந்தர் வாழும் ஊர்களுக்கும் யாது செய்யப் போகின்றோம் என்னும் வினா எழுவது இயல்பே. சங்கங்கள் கூடும்பொழுதெல்லாம் இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கக் காண்கின்றோம். ஒரு மண்டபம், அல்லது ஒரு வாயில் வளைவு, அல்லது வைத்தியசாலைக்கு ஒரு பொறி. அதன் நெற்றியில் ஒரு பெயர்ப்பலகை. இவை வேண்டாதவை என்று கூற நாம் வரவில்லை. ஆயின், பெயர்ப்பலகை பொருத்துதற்கு இடமே இல்லாத ஒரு பணி கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைகளிலே நம்மை எதிர்நோக்கிக் கிடக்கின்றது. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பெற்று வீடு திரும்பிய ஏழை நோயாளரைக் காக்கும் பணியே அது. அதனை இம்மலரின் வாயிலாக அன்பர் முன் வைக்க விரும்புகின்றோம்.

பொருளை விளங்கிக்கொள்ளுதற்கு இதயத்தின் அமைப்பைச் சற்று நினைவுகூர்தல் வேண்டும். இதயத்தின் இடப்பக்கத்தில், மேலறையாகிய சோணையறைக்கும் கீழறையாகிய இதயவறைக்கும் இடையே ஒரு கதவு உண்டு. இரண்டு இதழ்களை உடைமையால் அதனை இருகூர் வால்வு என்று நம் பாடநூல்கள் கூறும். கிறித்தவ மேற்றிராணியாரின் முடியை ஒத்த வடிவினதாதலின் மேனாட்டார் அதற்கு மைத்திரல் வால்வு என்று பெயரிட்டனர். நுரையீரலிலே தூய்மை பெற்ற குருதி இக்கதவின் வழியே கீழறையை அடைகின்றது. கீழறை சுருங்கும்போது உடலெங்கும் செலுத்தப்படுகின்றது. அவ்வாறு சுருங்கும் கணத்திற் கதவு இறுக மூடிக்கொள்ளல் வேண்டும். இல்லையேல் வந்த வழியே குருதி திரும்பிவிடும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று கொண்டாற்கூட, ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவை இக்கதவு திறந்து மூடுகின்றது. பிறந்த நாள் தொட்டு இறக்கும் நாள்வரை அதற்கு விடுமுறை என்பதே இல்லை.

இத்தகைய கதவு இளவயதிலேயே கெடுவதற்கு வறிய நாடுகளில் முதன்மைக் காரணமாய் விளங்குவது ருமாற்றிக் காய்ச்சலாகும். அதன் தொடக்கம் மிக எளியது. 5 முதல் 15 வயது வரையிலான பிள்ளைக்குத் தொண்டை நோகின்றது. ஸ்ட்ரெப்ரொகொக்கசு எனப்படும் ஒருவகைக் கிருமி அங்கே குடிபுகுந்துள்ளது. உடல் அக்கிருமியை எதிர்த்துப் படை திரட்டுகின்றது. அப்படையோ பகைவன் இன்னான், சுற்றத்தான் இன்னான் என்று பிரித்தறிய மாட்டாது தன் மூட்டுகளையும் இதயத்தையுமே தாக்குகின்றது. மூட்டு வீக்கம் சில கிழமைகளில் வடுவின்றி மறைந்துவிடும். வால்விலே விழுந்த வடுவோ மறைவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லத் தடித்து, ஒட்டி, கதவைத் திறக்கவொட்டாமலோ மூடவொட்டாமலோ செய்துவிடும். நெருக்கமான சிற்றறைகளிற் பலர் ஒருங்கே உறங்கும் இடங்களில் இக்கிருமி எளிதிற் பரவும் என்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. லயன் அறைகளைக் கண்டவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. 2015ஆம் ஆண்டுக் கணிப்பின்படி உலகில் ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம் மக்கள் இவ்விதய நோயுடன் வாழ்ந்தனர்; அவ்வாண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனால் இறந்தனர். 2018இல் உலக சுகாதாரப் பேரவை இதனை ஒழித்தற்குத் தனித் தீர்மானம் நிறைவேற்றியது.

கெட்ட கதவைச் செப்பனிடுதற்கு மனிதன் எடுத்த முயற்சி வியத்தற்குரியது. 1925இல் இலண்டனிலே சூற்றர் என்னும் சத்திரசிகிச்சையாளர், துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தினுள் தம் விரலைச் செலுத்தி ஒட்டிய வால்வை விரித்தார். அது துணிகரம் மிக்க செயலாகவே அன்று கருதப்பட்டது. 1948இல் அமெரிக்காவில் பெய்லியும் ஆர்க்கனும், இலண்டனில் புறொக்கும் அவ்வழியே வெற்றி காணும்வரை அது தொடரப்படவில்லை. 1953இல் கிப்பன் இதய நுரையீரற் பொறியைக் கொண்டு இதயத்தைத் திறந்து சிகிச்சை செய்தார். 1960 மார்ச்சில் நீனா பிறோன்வால்ட் என்னும் பெண்மணி தாமே வடிவமைத்த செயற்கை வால்வை இருகூர் வால்வின் இடத்திற் பொருத்தினார். அதே ஆண்டில் ஒறிகனைச் சேர்ந்த ஸ்ரார் என்னும் மருத்துவரும், ஓய்வுபெற்ற எந்திரவியலாளராகிய எட்வேர்ட்ஸ் என்பவரும் இணைந்து உருவாக்கிய கூண்டும் பந்தும் கொண்ட வால்வு வெற்றி கண்டது. அதனைப் பெற்றவருள் ஒருவர் ஆண்டுகள் பல வாழ்ந்து, முடிவில் இதயத்தாலன்றி ஏணியிலிருந்து விழுந்தே இறந்தார் என்பர். நம் அண்டையிலே திருவனந்தபுரத்துச் சிறீ சித்திரைத் திருநாள் நிலையத்தில், 2024இல் மறைந்த வலியத்தான் அவர்களின் தலைமையில் ஆக்கப்பட்ட தட்டு வால்வு, மூன்று மாதிரிகள் தோல்வியுற்று நான்காவது மாதிரியே தேறி, 1990 டிசெம்பரில் முதன்முதலாக மனித இதயத்திற் பொருத்தப்பட்டது. மேனாட்டு வால்வின் விலைக்கு அஞ்சிய ஏழைக்கு அது பெரும் வாய்ப்பாயிற்று.

இனி, நாம் எழுப்ப விரும்பும் வினா இதுவே: வால்வு மாறியதும் இதயம் பழைய வலிமையை அடைந்துவிடுகின்றதா? பொதுமக்கள் மட்டுமன்றிக் கற்றோரும் 'ஆம்' என்றே எண்ணுகின்றனர். உண்மை அத்துணை எளியதன்று.

கதவு சுருங்கிய நோயாளரை முதலிற் கருதுவோம். நல்ல வால்வின் வாய் 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றர் வரை விரியும், 1.5 சதுர சென்ரிமீற்றரும் அதனிற் குறைந்ததும் கடுமையான சுருக்கம் எனப்படும். இவர்களிடத்தே இடது கீழறை பெரும்பாலும் கேடின்றி இருக்கும். துன்புறுவன, குருதி தேங்கும் மேலறையும் நுரையீரலும் அதற்கப்பால் வலப்பக்க இதயமுமே. புதிய வால்வு வந்ததும் தேக்கம் நீங்குகின்றது. நுரையீரலின் அமுக்கம் இறங்குகின்றது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியவர் மலைப்பாதையில் நடக்கின்றார். ஆயினும் பல்லாண்டு விரிந்து தளர்ந்த மேலறை ஒழுங்கற்ற நடுக்கத்தை எளிதில் விடுவதில்லை. ஆகவே நாடித்துடிப்பின் ஒழுங்கின்மையும் குருதி உறையும் ஆபத்தும் பலரிடம் எஞ்சி நிற்கும்.

ஒழுகும் வால்வினரின் நிலை வேறு. ஓட்டைச் சாக்கைச் சுமப்பவன் வழியெல்லாம் நெல்லைச் சிந்திக்கொண்டு பாரம் குறைவு என்று மகிழ்வான். சாக்கைத் தைத்துக் கொடுத்த பின்னரே அவன் தோளின் உண்மை வலிமை தெரியவரும். இடது கீழறையும் அவ்வாறே. சுருங்கும்போது குருதியின் ஒரு பகுதி அமுக்கம் குறைந்த மேலறைக்கு எளிதாய்த் திரும்பிவிடுவதால், தசை தளர்ந்த நிலையிலும் அது வெளியேற்றும் விழுக்காடு எக்கோப் பரிசோதனையில் நன்றாகவே தோன்றும். கதவு செம்மையுற்றதும் எளிய வழி அடைபடுகின்றது. முழுப்பாரமும் தசையின்மேல் விழுகின்றது. மறைந்திருந்த தளர்ச்சி வெளிப்படுகின்றது. சிகிச்சைக்குப் பின் அவ்விழுக்காடு குறைந்து காணப்படுவது இதனாலேயாம். சத்திரசிகிச்சை பிழைத்தது என்று எவரும் கருதலாகாது. காலந்தாழ்த்தியமையே பெரும்பாலும் அதற்குக் காரணம். ஆதலின், கடுமையாய் ஒழுகும் வால்வினர்க்கு, நோயின் குறிகள் தோன்றாவிடினும், வெளியேற்ற விழுக்காடு 60க்கு இறங்கினாலோ, கீழறை சுருங்கிய நிலையிலும் அதன் விட்டம் 40 மில்லிமீற்றரை எட்டினாலோ சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது என்று இன்றைய நெறிமுறைகள் வற்புறுத்துகின்றன.

மற்றுமோர் உண்மையும் உண்டு. வால்வின் இதழ்களைக் கீழறைத் தசையுடன் பிணைக்கும் மெல்லிய நாண்கள், கூடாரத்தை இழுத்து நிறுத்தும் கயிறுகளைப் போல அவ்வறையின் வடிவத்தையும் வலிமையையும் காக்கின்றன. அவற்றை முற்றாக வெட்டியகற்றாது பேணினால் இதயம் நன்கு தொழிற்படும் என்று லில்லகை என்பார் 1964இலேயே எடுத்துரைத்தார். அதனைப் பலர் பொருட்படுத்தவில்லை. 1980களிலேதான் அவ்வுண்மை மீண்டும் மதிப்புப் பெற்றது. சுருங்கக் கூறின், கதவை மாற்றலாம். வீட்டை மாற்றல் இயலாது. சிகிச்சைக்குப் பிந்திய இதயத்தின் நலம், அதற்கு முன் நாம் எத்துணைக் காலம் வாளாவிருந்தோம் என்பதையும், பின் எத்துணைக் கவனம் செலுத்துகின்றோம் என்பதையும் பொறுத்ததாகும்.

விலங்கின் திசுவினால் ஆகிய வால்வு பொதுவாகப் 10 முதல் 15 ஆண்டுகளே நிலைக்கும். இளையோரிடம் அதனினும் விரைவிற் கெடும். எனவே இளம் நோயாளர் பலர்க்கு உலோகமும் கரியும் முதலியவற்றாலான பொறிவால்வே பொருத்தப்படுகின்றது. இரவின் அமைதியிலே அதன் 'டிக், டிக்' ஒலியை அவர்கள் தம் செவியாலேயே கேட்பர். அப்பொறியின்மேற் குருதி உறைந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும். உறைந்த துணுக்கு மூளையை அடைந்தாற் பாரிசவாதம் நேரும். இதனைத் தடுப்பதற்கு வார்பரின் என்னும் மாத்திரையை வாழ்நாள் முழுதும் உட்கொள்ளல் வேண்டும். அதன் அளவு குறைந்தால் உறைவு, மிகுந்தாற் குருதிப்பெருக்கு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வரம்பிலே நோயாளர் நடத்தல் வேண்டும். ஐ.என்.ஆர். என்னும் குருதிப் பரிசோதனை அவ்வரம்பைக் காட்டும்; இருகூர் வால்வின் இடத்துப் பொறிவால்வு பொருத்தியவர்க்கு அது 2.5க்கும் 3.5க்கும் இடையில் இருத்தல் நன்று. பரிசோதனை வேண்டாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டனவே என்று சிலர் வினவலாம். 2013இல் வெளிவந்த ஆய்வொன்றில் அத்தகைய மருந்தொன்று பொறிவால்வினரிடையே உறைவையும் குருதிப்பெருக்கையும் மிகுவித்தமையால் ஆய்வே இடைநிறுத்தப்பட்டது. ஆகவே பழைய வார்பரினே இன்றும் இவர்களுக்குக் கதி.

இவ்விடத்தில் பழைய மாணவராகிய நாம் அறிந்து மகிழத்தக்க செய்தியொன்று உண்டு. வார்பரின் என்னும் பெயரின் முற்பகுதி ஒரு பழைய மாணவர் அமைப்பின் பெயர்ச் சுருக்கமாகும். அமெரிக்க நாட்டு விசுக்கொன்சின் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் சிலர், 1925இல் தம் கல்விக்கூடத்தின் ஆராய்ச்சிக்குத் துணைபுரிய ஒரு நிதியத்தை நிறுவினர். 1933இல், பழுதடைந்த தீவனத்தைத் தின்று குருதி உறையாமல் மாடுகள் இறக்கும் துயரை விவசாயி ஒருவர் அங்கு கொண்டுவந்து முறையிட, பேராசிரியர் லிங்கும் அவர்தம் மாணவரும் அதன் காரணத்தை ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியின் பயனாய்ப் பிறந்தது இம்மருந்து. 1948இல் எலிப் பாஷாணமாக வெளிவந்து, 1954இல் மனிதர்க்கு மருந்தாயிற்று. அப்பழைய மாணவரின் பெயர் எந்த மண்டபத்தின் நெற்றியில் உள்ளதென்பது நமக்கு வேண்டுவதன்று. நாள்தோறும் மாலையிலே உலகெங்கும் எண்ணிறந்தோர் விழுங்கும் மாத்திரையில் அது எழுதப்பட்டுள்ளது. இதனினும் சிறந்த பெயர்ப்பலகை வேறு யாது?

இனிக் கண்டிக்கு வருவோம். 1867இல் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிடப்பட்ட நாள்முதல் இம்மலைகளிலே உழைத்துவரும் மக்களின் வழிவந்தோர் இன்றும் ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ரங்கலை, மடுல்கலை முதலிய இடங்களில் வாழ்கின்றனர். கண்டித் தேசிய வைத்தியசாலையில் இதயச் சத்திரசிகிச்சைப் பிரிவு இயங்குகின்றது. பேராதனையில் 1962 தொட்டு மருத்துவபீடம் உண்டு. இலவச வைத்தியம் நம் நாட்டின் பெருமை. பல இலட்சம் ரூபா செலவாகக்கூடிய சத்திரசிகிச்சையைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணொருத்தி காசின்றிப் பெறக்கூடிய நாடுகள் உலகிற் பலவல்ல.

ஆனால் அப்பெண் வீடு திரும்பிய பின் நிகழ்வதை எண்ணிப் பார்ப்போம். மாதந்தோறும், சிலவேளை அதனினும் அடிக்கடி, அவள் குருதிப் பரிசோதனைக்குச் செல்லல் வேண்டும். விடியுமுன் எழுந்து, தோட்டத்துப் பாதையில் இறங்கி, பஸ் பிடித்து, வரிசையில் நின்று மீளும்போது பொழுது சாய்ந்துவிடும். பஸ் கட்டணம் ஒன்று. இழந்த நாட்சம்பளம் மற்றொன்று. துணைக்கு வந்தவரின் சம்பளமும் போயிற்று. உடலிலோ நோவில்லை, மூச்சும் சீராயுள்ளது. 'இம்மாதம் விட்டால் என்ன?' என்னும் எண்ணம் எழுவது குற்றமா? ஒரு மாதம் விடுபட்டது இரண்டாகும், இரண்டு மூன்றாகும். பல இலட்சம் பெறுமதியான சிகிச்சை, ஒரு பஸ் கட்டணத்துக்காக வீணாவது இங்ஙனமே.

அறியாமையாலும் கேடு விளைகின்றது. கீரையில் உள்ள கே உயிர்ச்சத்து வார்பரினின் வலிமையைக் குறைக்கும் என்று கேட்டதும், வல்லாரையையும் பொன்னாங்கண்ணியையும் முருங்கையிலையையும் அறவே விடுவோர் உளர். விடவேண்டுவதில்லை, ஒரு கிழமை மிகுதியாகவும் மறுகிழமை இல்லாமலும் உண்ணாது, எந்நாளும் ஏறத்தாழ ஒரே அளவாக உண்டாற் போதும். கடையில் வாங்கும் நோவு மாத்திரை சில குருதிப்பெருக்கை உண்டாக்கும். பல் பிடுங்குமுன் கிருமிகொல்லி மருந்து உட்கொள்ளாவிடின் புதிய வால்விலே கிருமி குடியேறலாம். ருமாற்றிக் காய்ச்சலால் வால்வை இழந்தவர், வால்வு மாற்றிய பின்னரும் வைத்தியர் நிறுத்தச் சொல்லும்வரை பென்சிலின் ஊசியைத் தொடரல் வேண்டும். இவற்றையெல்லாம் நெரிசல் மிகுந்த கிளினிக்கில், சில நிமிடங்களில், தமக்கு நன்கு விளங்காத மொழியிற் கேட்டு நினைவிற் கொள்ளுதல் யாருக்குத்தான் இயலும்?

பெண்களின் நிலை தனியே கூறத்தக்கது. கருவுற்ற முதல் மாதங்களில் வார்பரின் சிசுவுக்கு ஊறு செய்யக்கூடும். அஞ்சித் தானே நிறுத்தினாலோ தாயின் வால்விலே குருதி உறையக்கூடும். கருவுறுமுன்னரே வைத்தியரைக் கலந்து வழிவகுத்தல் இன்றியமையாதது. ஆனால் வால்வு பொருத்திய செய்தியையே மறைத்து மணம் பேசும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. மறைக்கப்பட்ட நோய் மறைவாகவே மருந்தை உண்ண வைக்கும். அல்லது உண்ணாமலே விடச்செய்யும். பிள்ளைப்பேறு வந்தபின் தெரியவருவது இருவுயிர்க்கும் இடராகும். இது வைத்தியத்தின் குறையன்று, சமூகத்தின் குறை. கற்றோர் வாய்திறந்து பேசினாலன்றி இது தீராது.

ஆகவே நாம் முன்மொழிவன மூன்று. முதலாவது, விழா நிதியின் ஒரு பகுதியை வைப்பிலிட்டு, அதன் வருவாயினால் வால்வு பொருத்திய வறிய நோயாளரின் பிரயாணச் செலவையும் இழந்த நாட்கூலியையும் ஈடுசெய்தல். விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளிக் குருதியைக் கொண்டு சில நிமிடங்களில் ஐ.என்.ஆர். அளவு கூறும் சிறு கருவிகளும் இன்று உண்டு. வைத்தியர் இசைந்தால் அத்தகைய கருவியைத் தோட்டத்துக்கு அருகிலே வைக்கலாம். ஆனால் ஒன்று: கருவியை ஒரு முறை வாங்கிப் படம் பிடித்துக்கொள்வது எளிது, அதற்கு வேண்டிய சோதனைக் கீற்றுகளை மாதந்தோறும் வாங்கிக் கொடுப்பதே அருமை. நம் கொடை அவ்வருமையை நாடுவதாகுக. இரண்டாவது, நம் பழைய மாணவருள் வைத்தியராயுள்ளோர் ஆராய்ந்து செப்பனிட, எளிய தமிழில், படங்களோடு ஒரு கைந்நூல் வெளியிடுதல். மூன்றாவது, நோயின் வேரை நாடுதல். கிருமியால் வந்த தொண்டைநோ தொடங்கி 9 நாள்களுக்குள் பென்சிலின் கொடுத்தால் ருமாற்றிக் காய்ச்சலைத் தடுக்கலாம். ஏற்கெனவே அக்காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு 3 அல்லது 4 கிழமைக்கு ஒருமுறை ஊசி ஏற்றினால் அது மீளாது காக்கலாம். வகுப்பிலே தொண்டை நோவென்று சொல்லும் பிள்ளையை, ஓடும்போது மூச்சு வாங்கி உட்காரும் பிள்ளையை முதலிற் காண்பவர் ஆசிரியரே. தோட்டப் பாடசாலைகளிற் பணிபுரியும் நம் பழைய மாணவர்க்கும், கல்லூரியிற் பயிலும் மாணவர்க்கும் இதில் பங்குண்டு.

இஃது அரசாங்கத்தின் கடமையன்றோ என்று சிலர் கேட்பர். ஆம், அரசாங்கத்தின் கடமையே. அதனைக் கேட்டுப் பெறுதலும் நம் கடமையே. ஆனால் அது முழுதாய் நிறைவேறும்வரை அப்பெண்ணின் குருதி காத்திருக்காது. வேறு சிலர், ஒரு பெரும் பொறியை வழங்கினால் ஆயிரவர் பயனடைவரே என்பர். பொறி வேண்டியதே, எனினும் அதை வழங்க முன்வருவோர் பலர். பஸ் கட்டணம் வழங்க முன்வருவோர் சிலர். எவரும் செய்யாததைச் செய்தலே சங்கத்துக்கு அழகு. இன்னுஞ் சிலர், இது நம்மவர்க்கு மட்டுமா என்பர். அன்று. கிளினிக்கின் வரிசையிலே தோட்டத் தமிழரும் கிராமத்துச் சிங்களவரும் அக்குறணை முஸ்லிம்களும் ஒருங்கே நிற்கின்றனர். எல்லோர் மார்பிலும் பொருத்தப்படுவது ஒரே வால்வுதான். தமிழிற் கைந்நூல் வேண்டுவது தமிழ் அறிந்தவர்க்காக. நிதியோ வறியவர் யாவர்க்கும் உரியது.

சத்திரசிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பயனைக் காத்தல் நாற்பது ஐம்பது ஆண்டுப் பணி. முன்னதை நிபுணர் செய்வர். பின்னதற்கு நிபுணர் மட்டும் போதார். தவறாத பஸ் கட்டணமும் விளங்கும் மொழியும் விழிப்புள்ள ஆசிரியரும் வேண்டும். கல்லூரி நமக்குக் கற்பித்தது, வருந்துவோர் நம்மை நாடி வருமுன் நாம் அவரை நாடிச் செல்லல் வேண்டும் என்பதன்றோ? விழாப் பந்தல் பிரிக்கப்படும் நாளுக்கு முன்னரே சங்கத்தின் செயற்குழு கூடி இதனை ஆராய்ந்து முடிவு செய்யுமாக.